யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன்: செட்டிநாட்டிலிருந்து மலையில் தேயிலை வாங்கியவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து போய் குன்னூரிலோ கோத்தகிரியிலோ கூடலூரிலோ இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் தேயிலை வாங்கிவிட்டு, முதல் வருஷ உரச் செலவை எப்படிப் போடுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இது. ஏற்கெனவே ஊரில் விவசாயம் பார்த்தவர்கள்தான் இதில் அதிகம் வழுக்குகிறார்கள். கண்மாய்த் தண்ணீர் நிற்கும் வயலில் யூரியா வேலை செய்யும் விதம் வேறு, மலைச்சரிவில் வேறு.

நெல் வயலில் தண்ணீர் நிற்கும்வரை புளிப்பு மண்ணும் நடுநிலைப் பக்கம் நகரும். காற்று புகாததால் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியம் பெரும்பாலும் அம்மோனியமாகவே இருந்து பயிருக்குப் போகும். மலைமண் வடிகால் உள்ள மண். அங்கே பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் உண்டாகிறது. செடி எடுக்காமல் விட்ட நைட்ரேட் மழையில் இறங்கும்போது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஐந்தொகை எடுக்கிற ஊர்க்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், தழைச்சத்து (நைட்ரஜன்) நாம் வாங்கின கடன், மண்ணில் ஏறும் புளிப்பு அதன் வட்டி. அந்த வட்டியை டோலமைட்டாகத்தான் (புளிப்பை முறிக்கும், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) கட்ட வேண்டும். மூட்டையில் அச்சடித்த விலையை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பட்ஜெட் போட்டால் நாலு வருஷத்தில் துண்டு விழும்.

1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய காகிதங்கள்

பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு ஆதாரையும் ஒரே உறையில் வையுங்கள். அதோடு தேயிலை வாரியத்தின் சிறு தேயிலை விவசாயி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 10.12 எக்டேர், அதாவது 25 ஏக்கர்வரை உள்ளவர்கள் சிறு விவசாயிகள். வாரியத்தின் அலுவலகம் குன்னூரில் இருக்கிறது. முந்தைய உரிமையாளர் பெயரில் அட்டை இருந்தால் அது உங்களுக்கு உதவாது. உங்கள் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் வாங்கியிருந்தால் ஒரு எச்சரிக்கை. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் (தோட்டக் குத்தகை உரிமை பற்றியது) சிக்கிய நிலங்கள் அங்கே நிறைய. பட்டா இல்லாத அனுபவ நிலத்தில் உரம் போடுவதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

பழைய உரிமையாளரிடம் கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் மூன்று: கடைசியாகக் கவாத்து (செடியை மட்டமாக வெட்டி மறுபடி துளிர்க்க விடுவது) எந்த மாதம் நடந்தது, கடைசியாக டோலமைட் எப்போது போட்டார், கடந்த மூன்று வருஷம் எந்த உரம் எத்தனை மூட்டை. வாய்ச்சொல்லாகச் சொன்னாலும் எழுதி வையுங்கள். பசுந்தேயிலை கொடுத்த ஃபேக்டரியின் பாஸ்புக் நகல் கிடைத்தால் அது எல்லாவற்றையும்விட மேல். உர அளவு மகசூலை வைத்துத்தான் நிர்ணயமாகும்.

காரில் போகிறவர்கள் கவனிக்க: 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கிறது. மேட்டுப்பாளையம் வந்தபிறகு அதற்காக நிற்காதீர்கள்.

2. மண் மாதிரி: இதில் அவசரம் வேண்டாம்

உரம் போட்டு இரண்டு மூன்று மாதம் ஆகாத மண்ணை எடுத்தால் அறிக்கை பொய் சொல்லும். கவாத்து செய்யப்போகும் வருஷம் என்றால் கவாத்துக்கு முன் எடுப்பதே சரியான நேரம். டோலமைட் முடிவும் அப்போதுதான்.

தோட்டம் முழுவதற்கும் ஒரே மாதிரி போதாது. மேட்டுப் பகுதி, சரிவு, ஓடையோரம் என்று தனித்தனியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். இடத்தைத் தேர்ந்ததும் மேலே கிடக்கும் சருகை விலக்குங்கள். "வி" வடிவத்தில் ஒன்பது அங்குல ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் மண் எடுங்கள். எல்லாவற்றையும் சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கலந்து, தாளில் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வெயிலிலும் அடுப்பருகிலும் வேண்டாம். உரச் சாக்கில் மண்ணைக் கட்டி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாக்கில் ஒட்டியிருக்கும் யூரியாவும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போகும்.

உரம் வழக்கமாக விழும் இடம் செடியின் இலைக்குடையின் விளிம்புக்கு உட்பட்ட வட்டம். புளிப்பு அங்கேதான் அதிகம். நடைபாதையில் எடுத்த மண் நல்ல பி.எச். (புளிப்பைச் சொல்லும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) காட்டி உங்களை ஏமாற்றும்.

எங்கே கொடுப்பது? தேயிலைக்கென்றே பரிந்துரை தரக்கூடிய இடம் வேண்டும். உபாசி (தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம்) நடத்தும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வால்பாறையில் இருக்கிறது. குன்னூர் கிளென்வியூவில் உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. மாதிரியை ஊருக்குக் கொண்டுவந்து சிவகங்கை மாவட்டத்து ஆய்வகத்தில் கொடுத்தால் பி.எச். எண் சரியாகவே வரும். கீழே எழுதித் தரும் உரப் பரிந்துரை நெல்லுக்கும் கடலைக்கும் பழகியதாக இருக்கும். அந்தக் கீழ்ப்பாதியைப் பின்பற்ற வேண்டாம்.

3. அறிக்கையில் எதைப் பார்ப்பது

தேயிலைக்கு உகந்த பி.எச். 4.5 முதல் 5.5. நம் ஊர்க்காரர்கள் 5.0 என்று பார்த்ததும் "மண் கெட்டுப்போச்சு" என்று பதறுவார்கள். தேயிலைக்கு அது அருமையான எண். நெல்லுக்கு நினைப்பதுபோல 6.5க்குக் கொண்டுபோகச் சுண்ணாம்பு கொட்டினால் செடியைத்தான் கெடுப்பீர்கள்.

பயப்பட வேண்டியது 4.5க்குக் கீழே. 4.0க்குக் கீழே போனால் மண்ணில் அலுமினியம் கரைந்து மேலெழும், மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதனோடு கட்டுண்டுவிடும், மண்ணுயிர்கள் ஒடுங்கும். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது: தேயிலை அலுமினியத்தைத் தாங்கும் செடி, முற்றிய இலைகளில் அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதனால் மண் மோசமான பிறகும் பல காலம் பச்சையாகவே நிற்கும். செடி காட்டிக்கொடுக்காது, அறிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

அங்ககக் கரிமம் (மக்கிய இலைதழையின் கார்பன்) என்ற வரியையும் பாருங்கள். அது அதிகமிருந்தால் மண்ணே கொஞ்சம் தழைச்சத்து விடுவிக்கும், உரத்தைக் குறைக்கலாம். மக்னீசியம், துத்தநாகம் இரண்டும் குறைவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. எவ்வளவு தழைச்சத்து

ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மகசூலை வைத்துக் கணக்கிடுங்கள். பொதுவாகப் புழங்கும் கணக்கு, பத்துக் கிலோ தேயிலைத்தூளுக்கு ஒரு கிலோ தழைச்சத்து. நாலரைக் கிலோ கொழுந்து சுமார் ஒரு கிலோ தூள்.

ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு 3,600 கிலோ கொழுந்து என்று வையுங்கள். தூள் 800 கிலோ. தழைச்சத்து 80 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ. ஆக நாலு மூட்டை. நாலு தவணை, தவணைக்கு ஒரு மூட்டை.

1,800 கிலோதான் வருகிறது என்றால் இரண்டு மூட்டை போதும். பராமரிப்பில்லாமல் கிடந்து, பாதிச் செடி செத்து இடைவெளி விழுந்த தோட்டத்தை வாங்கியவர்கள் "முதல் வருஷம் நல்லாப் போட்டுத் தூக்கிவிடுவோம்" என்று இரட்டிப்பாகப் போடுகிறார்கள். வேர் இல்லாத இடத்தில் விழுந்த யூரியா நேராக ஓடைக்கு.

தூளின் எடையில் தழைச்சத்து ஏறக்குறைய 4 சதவீதம். மேலே சொன்ன 800 கிலோ தூளோடு தோட்டத்தை விட்டு வெளியேறுவது 32 கிலோ. 80 போட்டு 32 எடுக்கிறோம். மீதியில் ஒரு பங்கு கிளைக்கும் வேருக்கும் முற்றிய இலைக்கும் போகிறது, ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. மற்றது நைட்ரேட்டாக இறங்குகிறது அல்லது காற்றில் போகிறது. அதனால்தான் கவாத்துக் கழிகளையும் இலைகளையும் விறகுக்கென்று வெளியே விடாதீர்கள் என்கிறோம். செடி சேர்த்த தழைச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) அதில் இருக்கிறது. மண்ணிலேயே பரப்பிவிடுங்கள்.

சாம்பல்சத்தை விட்டுவிட்டு யூரியா மட்டும் போடுவது பெரிய தப்பு. பொட்டாஷை எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதை அறிக்கையும் கவாத்து வருஷமும் தீர்மானிக்கும். மூன்று சத்தும் சம அளவில் கலந்த 17:17:17 போன்ற காம்ப்ளக்ஸ் வாங்கித் தவணைதோறும் வீசுகிறவர்கள் மணிச்சத்துக்கு வீண் காசு கொடுக்கிறார்கள். தேயிலைக்கு மணிச்சத்தை ராக் பாஸ்பேட்டாக, ஆறு முதல் ஒன்பது அங்குல ஆழத்தில் குழி குத்தி வைத்தால் போதும். மண்ணின் புளிப்பே அதைக் கரைத்துக் கொடுக்கும். நம் கஷ்டத்துக்கு அந்தப் புளிப்பால் கிடைக்கும் ஒரே லாபம் அது.

5. யூரியாவா, அம்மோனியம் சல்பேட்டா

மலையில் இந்தப் பேச்சு ஓயாது. அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 20.5 சதவீதம், கந்தகமும் உண்டு. கந்தகக் குறை உள்ள தோட்டத்தில் இலை நன்றாகப் பச்சை கட்டும். ஆனால் வட்டியைப் பாருங்கள்.

ஒரு கிலோ தழைச்சத்தை யூரியாவாகப் போட்டால் உண்டாகும் புளிப்பைச் சரிசெய்யச் சுமார் 1.8 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவை. அதே ஒரு கிலோ அம்மோனியம் சல்பேட்டாக வந்தால் சுமார் 5.35 கிலோ. மூன்று மடங்கு.

ஏக்கருக்கு 80 கிலோ என்ற நம் கணக்கில் யூரியா வருஷத்துக்கு 144 கிலோ சுண்ணாம்பைக் கேட்கிறது. அம்மோனியம் சல்பேட் 428 கிலோ. நாலு வருஷக் கவாத்துச் சுற்றில் முதலாவது 576 கிலோ, இரண்டாவது 1,712 கிலோ. தென்னிந்தியத் தேயிலைக்கு ஒரு சுற்றுக்கு எக்டேருக்கு இரண்டு முதல் நாலு டன் டோலமைட் என்று சொல்வதை ஏக்கருக்கு மாற்றினால் 800 முதல் 1,600 கிலோ. அம்மோனியம் சல்பேட்டையே முழுக்க நம்பினால் மேல் வரம்பையும் தாண்டுகிறீர்கள்.

விலையை ஒப்பிடும்போது மூட்டையை மூட்டையோடு ஒப்பிடக் கூடாது. ஒரு கிலோ தழைச்சத்தின் விலையைப் பாருங்கள். வேப்பெண்ணெய் பூசிய 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 20.7 ஆல் வகுத்தால் கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குள்; அதோடு 1.8 கிலோ டோலமைட்டின் விலை. 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டையில் இருப்பது 10.25 கிலோ தழைச்சத்து. கடைக்காரர் சொல்லும் விலையை 10.25 ஆல் வகுத்து, அதோடு 5.35 கிலோ டோலமைட்டின் விலையையும் தூக்குக் கூலியையும் சேருங்கள். எண்ணிக்கையும் பாருங்கள்: நாலு மூட்டை யூரியாவுக்குப் பதில் எட்டு மூட்டை. சாலையிலிருந்து சரிவில் தலைச்சுமையாக இறக்கும் தோட்டத்தில் அந்தக் கூலி சின்னதல்ல.

கந்தகக் குறை அறிக்கையில் தெரிந்தால் ஒரு தவணை மட்டும் அம்மோனியம் சல்பேட், மற்றவை யூரியா. எங்கள் தீர்ப்பு இதுதான்.

6. வாங்குவது

மானிய உரம் கடையில் விற்பனையைப் பதியும் பி.ஓ.எஸ். மெஷினில் ஆதார் வைத்து, விரல்ரேகை பதித்துத்தான் கிடைக்கும். நீங்கள் காரைக்குடியில் இருந்துகொண்டு மேஸ்திரியை அனுப்பினால் அவர் ஆதாரில் பதியும். தவறில்லை, ஆனால் பில் உங்களுக்கு வந்து சேர வேண்டும். பில்லில் உரத்தின் பெயரும் எடையும் விலையும் தெளிவாக இருக்கட்டும். மெஷினில் ஒருவர் வாங்கும் அளவுக்கு மாத வரம்பு உண்டு, ஐந்து ஏக்கர்க்காரர் தவணைக்குத் தவணை வாங்கினால் அது பிரச்சினையாகாது.

ஊரில் தெரிந்த கடையில் வாங்கி லாரியில் ஏற்றிவிடலாமே என்ற யோசனை வேண்டாம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வாடகை, மலை ஏற்றம், மானிய யூரியாவை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோவதற்கு வழியில் கேள்வி. மூன்றும் சேர்ந்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

யூரியாவை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வைக்காதீர்கள். மலை ஈரத்தில் மூட்டை கல்லாகிவிடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. பொட்டாஷோடு கலந்தால் அன்றே போட்டுவிட வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்தால் களியாகும்.

7. எப்போது

ஒரே மாவட்டம், இரண்டு மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் முக்கியம், நம் ஊரைப் போல.

கூடலூர்ப் பக்கம்: கோடை மழை விழுந்ததும் சித்திரையில் ஒரு தவணை, வைகாசியில் மழை பிடிக்குமுன் ஒன்று. ஆனி, ஆடியில் தொடவே வேண்டாம். ஆவணிக் கடைசி அல்லது புரட்டாசியில் மூன்றாவது, கார்த்திகையில் நாலாவது.

குன்னூர், கோத்தகிரி: வைகாசி, ஆடி, புரட்டாசித் தொடக்கம், பிறகு ஐப்பசி அடைமழை விட்டபின் கார்த்திகையில். மார்கழி முதல் மாசிவரை பனியும் வறட்சியும். மண்ணில் உரம் வேண்டாம். வறட்சி தொடங்குமுன் யூரியாவும் பொட்டாஷும் தலா 1 சதவீதக் கரைசலாக இலையில் தெளிக்கலாம். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒவ்வொன்றும் 100 கிராம்.

மாதத்தைவிட மண் முக்கியம். பிடித்தால் உருண்டையாக வரும் ஈரம் இருக்க வேண்டும், அடுத்த இரண்டு நாளில் லேசான மழைக்கு வாய்ப்பு இருக்க வேண்டும், அடைமழை எச்சரிக்கை இருக்கக் கூடாது. ஒரு தவணை தள்ளிப்போனால் அடுத்ததோடு சேர்த்துப் போடாதீர்கள். போனது போகட்டும்.

8. போடும் நாள்

களை எடுத்து முடித்திருக்க வேண்டும். கொழுந்து பறித்த மறுநாள் நல்லது. இலை காய்ந்திருக்க வேண்டும். பனித்துளியோ மழைத்துளியோ இருக்கும்போது வீசினால் ஒட்டிய யூரியா இலையைக் கருக்கும். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

ஏக்கருக்குச் சுமார் 4,500 செடி உள்ள தோட்டத்தில் ஒரு மூட்டை யூரியா என்றால் செடிக்குப் பத்துக் கிராம். ஒரு சிறிய மூடியைத் தராசில் வைத்துப் பத்துக் கிராமுக்குக் கோடு போட்டு ஆட்களிடம் கொடுங்கள். கைப்பிடிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். வரிசை தொடங்கும் இடத்தில் தாராளம், முடிவில் ஒன்றுமில்லை என்றாகிவிடும். அடித்தண்டில் குவிக்க வேண்டாம், பட்டை வெந்துபோகும். இலைக்குடையின் விளிம்புக்குள் வட்டமாகத் தூவ வேண்டும்.

தடித்த சருகின்மேல் விழுந்த யூரியா அங்கேயே சிதைந்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மண் புளிப்பாக இருந்தாலும் இந்த இழப்பு உண்டு. காரணம், யூரியா கரையும் இடத்தில் மட்டும் பி.எச். தற்காலிகமாக ஏறும். சருகைக் கொஞ்சம் ஒதுக்கித் தூவி மறுபடி மூடுங்கள்.

ஓடை, ஊற்று, கிணறு பக்கம் சில வரிசைகளை விட்டுவிடுங்கள். கீழே ஒரு ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

9. டோலமைட்

கவாத்து வருஷத்தில், கவாத்துக்கு முன், மண்ணில் ஈரம் இருக்கும்போது, தோட்டம் முழுக்கச் சீராகத் தூவ வேண்டும். அளவு பி.எச். எண்ணையும் மழையளவையும் பொறுத்தது. அறிக்கை சொல்வதைப் போடுங்கள். டோலமைட்டுக்கும் அடுத்த யூரியாவுக்கும் இடையே ஆறு முதல் எட்டு வாரம் விடுங்கள். இரண்டும் சந்தித்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் போய்விடும். ஒரே கூலியில் முடித்துவிடலாம் என்று இரண்டையும் கலந்து வீசுவதுதான் இந்த வேலையிலேயே விலையுயர்ந்த சிக்கனம்.

நம் ஊர்ப் பழக்கத்தால் வரும் இரண்டு தடுமாற்றங்கள். முதலாவது ஜிப்சம். கடலைக்குப் போட்ட நினைவில் அதையே சுண்ணாம்பு என்று நினைக்கிறார்கள். ஜிப்சம் கால்சியமும் கந்தகமும் தரும்; புளிப்பைக் குறைக்காது. இரண்டாவது, வீட்டுப் பூச்சுக்கு வாங்கும் சுட்ட சுண்ணாம்பு. அது சட்டென்று வேலை செய்து மண்ணை ஒரே அடியில் தூக்கிவிடும், வேரும் வேகும், கையும் வேகும். டோலமைட் மெதுவானது, மக்னீசியமும் தரும். நைஸாக அரைத்ததாக வாங்குங்கள். கரகரப்பான தூள் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கவாத்துக்குப் பின் துளிர் வராத செடிக்கு யூரியா போடக் கூடாது. எடுப்பதற்கு இலை இல்லை.

10. இடையில் இலையைப் பார்ப்பது

இலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறை என்று உடனே யூரியாவுக்கு ஓடாதீர்கள். முற்றிய இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை; 1 சதவீத மக்னீசியம் சல்பேட் தெளிக்க வேண்டும். துளிர் சிறுத்துக் கொத்தாக நின்றால் துத்தநாகம். எல்லாம் கரும்பச்சையாக, கொழுந்து மெத்தென்று இருந்து சிலந்திப்பூச்சி திரும்பத் திரும்ப வந்தால் தழைச்சத்து அதிகம். அடுத்த தவணையைப் பாதியாக்குங்கள்.

தோட்டத்துக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். பகுதி, தேதி, உரம், கிலோ, கூலி, அந்த வார மழை, அடுத்த மாதக் கொழுந்து எடை என்று ஏழு பத்தி. பக்கத்தின் ஓரத்தில், போட்ட ஒவ்வொரு கிலோ தழைச்சத்துக்கும் சேர்ந்த சுண்ணாம்புக் கடனையும் கிலோவில் எழுதிவாருங்கள். அடுத்த கவாத்துக்கு மூன்று மாதம் முன்பு அதைக் கூட்டி, அதே இடங்களில் மறுபடி மண் எடுத்து அனுப்புங்கள். டோலமைட் லாரிக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும்.